நாகர்கோவிலில் ஒரு கர்ப்பகால உடற்பயிற்சி வகுப்பு: ஐந்து மாதம் சென்று வந்தவளின் மதிப்புரை

வெட்டூர்ணிமடத்திலிருந்து வடசேரிக்குச் செல்லும் வழியில், ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் முதல் மாடியில், கர்ப்பிணிகளுக்கென்று மட்டும் நடைபெறும் உடற்பயிற்சி வகுப்பு ஒன்று இருக்கிறது. அதை நடத்துபவர் பிசியோதெரபி படித்து, மகளிர் நலத்தில் பல ஆண்டு வேலை பார்த்தவர். அவருடைய சொந்தப் பெயராலேயே வகுப்பும் அறியப்படுவதால், அவரிடம் கேட்காமல் அப்பெயரை இங்கே எழுதுவது முறையாகாது என்று விட்டுவிடுகிறேன். தக்கலையிலிருந்து வாரம் இரண்டு முறை பேருந்தில் சென்று, கடந்த ஜூன் மாதம் பதினாறாம் வாரத்தில் தொடங்கி நவம்பர் மாதம் முப்பத்தேழாம் வாரம் வரை அங்கே பயிற்சி செய்தேன். எனக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுக்கத் தோன்றுகிறது. ஒரு மதிப்பெண் எங்கே குறைந்தது என்பதையும் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

இது எனக்கு இரண்டாவது குழந்தை. ஐந்து ஆண்டுகளுக்கு முன் முதல் குழந்தையைச் சுமந்தபோது, பெயர் சொல்ல விரும்பாத வேறோர் உடற்பயிற்சி நிலையத்தில் ஆறாம் மாதத்தில் சேர்ந்தேன். என் மருத்துவ அட்டையை அங்கே யாரும் கேட்கவில்லை. கையில் ஒரு கடிகாரத்தைக் கட்டிவிட்டு, இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 140-ஐத் தாண்டக் கூடாது என்று மட்டும் சொன்னார்கள். மல்லாந்து படுக்கவைத்துக் காலைத் தூக்கும் பயிற்சியைத் தொடர்ந்து செய்யச் சொன்னபோது எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, நெற்றி வியர்த்தது. எழுந்து உட்கார்ந்ததும் சரியாகிவிட்டதால், காலையில் சரியாகச் சாப்பிடாததுதான் காரணம் என்று அவர்களும் சொன்னார்கள், நானும் நம்பினேன். ஏறத்தாழ இருபதாம் வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்தால், கனத்த கருப்பை முதுகெலும்பை ஒட்டிச் செல்லும் பெருஞ்சிரையை அழுத்தும் என்பதும், அதனால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து மயக்கம் வரக்கூடும் என்பதும் எனக்கு இந்த வகுப்பில்தான் தெரிந்தது. அந்த 140 என்ற கணக்கின் வரலாறும் இங்கேதான் தெரிந்தது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 1985-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருந்த அந்த வரம்பை, அக்கல்லூரியே 1994-ல் கைவிட்டுவிட்டது. கர்ப்பகாலத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இதயம் வழக்கத்தைவிட வேகமாகத் துடிப்பதால், ஒரே எண்ணை எல்லாப் பெண்களுக்கும் அளவுகோலாக வைப்பது பொருந்தாது. கைவிடப்பட்டு இருபத்தைந்து ஆண்டுக்கும் மேலான ஒரு விதியை என் கையில் கட்டிவிட்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அந்த அனுபவத்தால்தான் இந்த வகுப்பின் முதல் நாள் என் மனத்தில் அழுத்தமாகப் பதிந்தது. அன்று எந்தப் பயிற்சியும் நடக்கவில்லை. முக்கால் மணி நேரம் கேள்விகள் மட்டும்தான். தாய் சேய் நல அட்டையை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். இதயநோய், நுரையீரல் நோய், கருப்பைவாய் பலவீனம், கருப்பைவாயில் தையல், முந்தைய குறைமாதப் பிரசவம், இரத்தக்கசிவு, இரட்டைக் கர்ப்பம் என்று ஒவ்வொன்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். என் ஹீமோகுளோபின் 10.1 என்று இருந்ததைப் பார்த்து, இது லேசான இரத்தசோகை, இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிட்டுக்கொண்டு மிதமான பயிற்சி செய்யலாம், அடுத்த பரிசோதனையின் எண்ணை மறக்காமல் கொண்டுவாருங்கள் என்றார். ஐந்தாம் மாத ஸ்கேன் வந்ததும் நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது என்ற வரியைத் தனக்குக் காட்ட வேண்டும் என்றும் சொல்லிவைத்தார். நஞ்சுக்கொடி கருப்பைவாயை மூடியபடி இருந்து, ஏழாம் மாதத்தை நெருங்கியும் மேலே ஏறாமல் போனால் பயிற்சியை நிறுத்திவிட வேண்டும் என்று அதற்கான காரணத்தையும் விளக்கினார். கடைசியாக, எனக்குப் பிரசவம் பார்க்கும் மருத்துவரிடமிருந்து கையெழுத்திட்ட கடிதம் வந்தால்தான் அடுத்த வகுப்பு என்று திருப்பி அனுப்பினார். கட்டணத்தையும் அந்தக் கடிதம் வந்த பிறகுதான் வாங்கினார்.

இந்தக் கண்டிப்பு சிலருக்கு எரிச்சலாக இருந்ததை நானே பார்த்தேன். ஆனால் எங்கள் வகுப்பில் இருந்த ஒரு பெண் தன் கதையை அவராகவே எல்லோரிடமும் சொன்னார். அவருடைய ஹீமோகுளோபின் 7-க்கும் கீழே இருந்ததால் முதல் நாளே சேர்க்க மறுத்து, ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லும்படி சொல்லியிருக்கிறார்கள். அங்கே நரம்பு வழியாக இரும்புச்சத்து மருந்து ஏற்றிக்கொண்டு, எண் உயர்ந்த பிறகு, ஏழு வாரம் கழித்து மருத்துவரின் கடிதத்தோடு திரும்பி வந்தார். சோர்வு என்றால் நடந்தால் போய்விடும் என்று தன் வீட்டில் சொன்னதை நம்பித்தான் முதலில் இங்கே வந்ததாக அவர் சொன்னார். கடுமையான இரத்தசோகையோடு உடலை வருத்துவது இதயத்தின் மேல் சுமையை ஏற்றும் செயல் என்பதை அவருக்கு எடுத்துச் சொன்னது இந்த வகுப்புதான்.

வகுப்பு புதன் மாலையும் சனிக்கிழமை காலையும் நடக்கும். ஒவ்வொன்றும் 45 நிமிடம். இவை சேர்ந்து 90 நிமிடம் ஆகின்றன. மீதமுள்ள நாட்களில் மூன்று நாள், 20 நிமிடம் வீதம் வீட்டருகே நடக்க வேண்டும். ஆக, வாரத்துக்கு 150 நிமிடம். தடை எதுவும் இல்லாத கர்ப்பிணிகள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலை வைத்தே இந்தக் கணக்கு வகுக்கப்பட்டிருக்கிறது. முன்பு பழக்கமே இல்லாதவர்கள் முதல் வாரத்தில் 10 நிமிடத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறினால் போதும்.

மிதம் என்பதை எப்படி அறிவது? இந்த வகுப்பில் கடிகாரத்துக்கு வேலை இல்லை. நின்ற இடத்தில் முழங்காலை உயர்த்தி நடக்கும்போது, நேற்று வீட்டில் என்ன மீன் வாங்கினீர்கள், எப்படி வைத்தீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டே வருவார். சாளைப் புளிமுளம் வைத்த விவரத்தை மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகச் சொல்ல முடிந்தால் வேகம் சரியாக இருக்கிறது. சொற்கள் துண்டுதுண்டாக வந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். பாட்டே பாட முடிகிறது என்றால் கொஞ்சம் கூட்டலாம். எவரும் வீட்டில் தனியாகச் செய்துபார்க்கக்கூடிய இந்தச் சோதனையை, வகுப்புக்கு வர இயலாத என் தங்கைக்கும் தொலைபேசியில் சொல்லிக் கொடுத்தேன்.

பயிற்சிகள் எளியவை. சுவரில் கையூன்றித் தள்ளுதல், நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்துத் தோளை இயக்குதல், கையும் முழங்காலும் ஊன்றி முதுகை மெல்ல வளைத்து நிமிர்த்துதல், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துக் காலை உயர்த்துதல், சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குத்தவைத்தல் ஆகியவைதான். கர்ப்பகாலத்தில் சுரக்கும் இயக்குநீர்கள் மூட்டுகளின் பிடிமானத்தைத் தளர்த்திவிடுவதாலும், வயிறு முன்னே வருவதால் உடலின் சமநிலை மாறுவதாலும், குதிப்பது, சட்டென்று திரும்புவது, ஒற்றைக் காலில் நிற்பது எதுவும் கிடையாது. இருபதாம் வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுக்கும் பயிற்சிகள் அனைத்தும் விலக்கப்படுகின்றன.

இடுப்புத்தளத் தசைப் பயிற்சிக்கு இங்கே தரும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. நம் ஊரில் பெண்கள் வெளியே பேசத் தயங்கும் விஷயம் இது. முதல் பிரசவத்துக்குப் பிறகு தும்மினாலும் இருமினாலும் சிறுநீர் கசிவதை, பிள்ளை பெற்றவளுக்கு இயல்புதான் என்று நான் ஐந்து ஆண்டு சகித்திருந்தேன். சிறுநீரையும் வாயுவையும் அடக்குவதுபோல் உள்ளே இழுத்து, மூச்சை நிறுத்தாமல் ஐந்து எண்ணும் வரை பிடித்து, அதே அளவு நேரம் முழுவதுமாகத் தளர்த்த வேண்டும். தளர்த்துவதும் பயிற்சியின் சரிபாதி என்பதை ஒவ்வொரு வகுப்பிலும் நினைவூட்டுவார். சிறுநீர் கழிக்கும்போது இடையில் நிறுத்திப் பழகக் கூடாது என்றும் எச்சரித்தார். மூன்று மாதத்தில் எனக்குக் கசிவு பெரிதும் குறைந்தது. இந்த ஒன்றுக்காகவே அந்தக் கட்டணத்தைக் கொடுக்கலாம் என்று நான் மனமாரச் சொல்வேன்.

வீட்டு வேலையை அவர் ஒதுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மூத்த பிள்ளையைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி, பிள்ளையை உடலோடு அணைத்து எழுவது எப்படி என்று ஒரு முழு வகுப்பே நடத்தினார். கிணற்றில் நீர் இறைப்பவர்கள் பக்கவாட்டில் திரும்பியபடி வாளியைத் தூக்கக் கூடாது, கிணற்றை நேராகப் பார்த்து நின்று, வாளியில் பாதி நீர் மட்டும் எடுக்க வேண்டும் என்றார். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் வீடு இருக்கும் ஒரு பெண், மழைக்காலத்தில் சருகு நனைந்த சரிவில் நடப்பதையே தன் 20 நிமிட நடையாகக் கணக்கிட்டிருந்தார். அதை உடனே நிறுத்தச் சொல்லி, வீட்டு முற்றத்தைச் சுற்றி நடந்தால் போதும், வழுக்கி விழுவதைவிட ஒரு நாள் நடக்காமல் இருப்பது நல்லது என்றார்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை வீட்டுப் பெரியவர்களை அழைத்து வரலாம். என் மாமி அன்று வந்தார். "கையத் தூக்காத மக்களே, கொடி சுத்திரும்" என்று என் முதல் கர்ப்பத்திலிருந்தே சொல்லிவந்தவர் அவர். தாய் கையைத் தூக்குவதற்கும் தொப்புள்கொடி குழந்தையைச் சுற்றுவதற்கும் தொடர்பு இல்லை, குழந்தை உள்ளே புரளும்போது அது தானாக நேர்வது, சுற்றிய கொடியோடு நலமாகப் பிறக்கும் குழந்தைகள் ஏராளம் என்று பிசியோதெரபிஸ்ட் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அதே மூச்சில், குத்தவைத்து முற்றம் பெருக்கிய அந்தக் காலத்துப் பழக்கம் இடுப்புக்கும் தொடைக்கும் நல்ல பயிற்சிதான் என்று மாமியின் சொல்லில் இருந்த சரியையும் ஒப்புக்கொண்டார். மாமிக்கு அது பெரிய மரியாதையாக இருந்தது. மறுநாள் முதல் என்னோடு மாலையில் நடக்க அவரே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

முப்பத்தொன்றாம் வாரத்தில் நடந்ததை மட்டும் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும். செப்டம்பர் கடைசியில் ஒரு புதன்கிழமை, என் இடது கெண்டைக்கால் வலித்தது. முந்தின நாள் இரவே வலி தொடங்கியிருந்தது. கர்ப்பிணிக்குக் கால் வீங்குவது வழக்கம் என்று நினைத்து, வீட்டில் குழம்பு என்று நாங்கள் சொல்லும் மூலிகைத் தைலத்தைக் காய்ச்சித் தேய்க்க எடுத்து வைத்திருந்தார்கள். தைலம் தேய்ப்பது நம் வீடுகளில் எல்லா வலிக்கும் முதல் மருந்தாயிற்றே. நல்லவேளையாக நேரம் இல்லாமல் போய், அப்படியே பேருந்து ஏறினேன். வகுப்பில் வழக்கம்போல் இரத்த அழுத்தம் பார்த்தபோது போகிற போக்கில் இந்த வலியைச் சொன்னேன். அவர் உடனே இரண்டு காலையும் நாடாவால் அளந்தார். இடது கெண்டை வலதைவிடப் பெருத்திருந்தது, தொட்டால் சூடாகவும் இருந்தது. வகுப்பை உதவியாளரிடம் விட்டுவிட்டு, ஆட்டோ வரவழைத்து, என் மருத்துவரிடம் அவரே தொலைபேசியில் பேசி என்னை அனுப்பினார். "யார் சொன்னாலும் தேய்க்காதீங்க, அமுக்காதீங்க" என்பதை இரண்டு முறை சொன்னார்.

கர்ப்பகாலத்தில் இரத்தம் உறையும் தன்மை இயல்பாகவே கூடுகிறது. காலின் ஆழ்சிரையில் கட்டி உறைவது கர்ப்பிணிகளுக்குப் பெரும்பாலும் இடது காலில்தான் வருகிறது. அப்படி ஒரு கட்டி இருக்கும்போது காலைத் தேய்த்தால் அது பெயர்ந்து நுரையீரலுக்குச் சென்றுவிடும் ஆபத்து உண்டு. அன்று மாலை எடுத்த டாப்ளர் ஸ்கேனில் எனக்குக் கட்டி எதுவும் இல்லை என்று தெரிந்தது. மூன்று நாளில் வீக்கமும் வடிந்தது. ஆனால் ஒன்றும் இல்லை என்பதை ஸ்கேன் சொல்ல வேண்டும், நாமாக முடிவு செய்யக் கூடாது என்பதை அன்று உணர்ந்தேன். அந்த அறையின் சுவரில் பெரிய எழுத்தில் தமிழில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. இரத்தக்கசிவு, பனிக்குட நீர் கசிதல், வலியோடு விட்டுவிட்டு வயிறு இறுகுதல், பயிற்சி தொடங்கும் முன்பே மூச்சிரைத்தல், தலைசுற்றல், தலைவலி, நெஞ்சுவலி, நடை தடுமாறும் அளவுக்குத் தசைத்தளர்ச்சி, கெண்டைக்கால் வலி அல்லது வீக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்தி மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்பதே அதன் செய்தி. நான்கு மாதமாக அதன் எதிரில் நின்று பயிற்சி செய்த எனக்கே அன்று அது நினைவுக்கு வரவில்லை. ஆகவே வாசிப்பவர்கள் இந்தப் பட்டியலை வீட்டில் இருக்கும் இன்னொருவருக்கும் சொல்லி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வகுப்பில் ஒவ்வொரு முறையும் இரத்த அழுத்தம் பார்ப்பதும், 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்று பயிற்சி இல்லை, மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும் என்பதும் அங்கே மாறாத விதி.

இனி குறைகள். முதலாவது, பதினெட்டுப் படி ஏறிச் செல்ல வேண்டிய மாடியில் வகுப்பு இருக்க, கழிப்பறை மட்டும் கீழ்த்தளத்தின் பின்புறம் இருக்கிறது. எட்டாம் மாதத்துப் பெண்ணுக்கு 45 நிமிடத்தில் ஒரு முறையாவது சிறுநீர் கழிக்கத் தோன்றும். அதற்காக இறங்கி ஏறுவது சிரமம் மட்டும் இல்லை, மழையில் ஆபத்தும்கூட. இடவப்பாதி மழை தொடங்கும் ஜூனிலும், ஐப்பசி மழையிலும் அந்தப் படிகள் நனைந்தே இருந்தன. நாங்கள் சொன்ன பிறகு படிதோறும் கயிற்றுப் பாய் விரித்தார்கள். ஒரு பக்கம் மட்டும் இருந்த கைப்பிடி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பாதுகாப்பைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு கற்பிக்கும் ஓர் இடத்தில், கற்க வரும் வழியே பாதுகாப்பாக இல்லை என்பதால்தான் முழு மதிப்பெண் தர என் மனம் ஒப்பவில்லை.

அறையில் மின்விசிறி மட்டும்தான். காற்றோட்டம் உண்டு என்றாலும், மழை விட்டு வெயில் அடிக்கும் நாளில் புழுக்கம் தாங்காது. கர்ப்பிணிகள் உடல் சூடேறும்படி பயிற்சி செய்யக் கூடாது என்பதால், அத்தகைய நாட்களில் பாதி நேரம் உட்கார்ந்து செய்யும் பயிற்சிகளாக மாற்றிவிடுவார்கள். தண்ணீர் கொண்டுபோவது அவசியம். மாதத்துக்கு எட்டு வகுப்புக்கு 2,400 ரூபாய் வாங்குகிறார்கள். மருத்துவர் இடையில் நிறுத்தச் சொன்னால் மீதிப் பணம் திரும்பக் கிடைப்பதில்லை. இது நியாயம் இல்லை. உடல்நலக் காரணத்தால் நின்றவர்களுக்காவது திருப்பித் தரவேண்டும் என்று நேரிலும் சொல்லியிருக்கிறேன்.

தூரம் அவர்களுடைய குறை இல்லை என்றாலும் அதையும் சொல்லத்தான் வேண்டும். நித்திரவிளையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பெண், இரண்டு பேருந்து மாறி வருவது ஏழாம் மாதத்துக்கு மேல் முடியாமல் நின்றுவிட்டார். மேற்கே மார்த்தாண்டத்தில் ஒரு கிளை தொடங்கினால் பலருக்குப் பயன்படும்.

சுகப்பிரசவம் ஆயிற்றா என்றுதான் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்கிறார்கள். இல்லை. முப்பத்தாறாம் வார ஸ்கேனில் குழந்தை தலை மேலாகவும் இடுப்பு கீழாகவும் இருந்தது, பிறகும் திரும்பவில்லை. முப்பத்தொன்பதாம் வாரத்தில் அறுவைச் சிகிச்சை மூலம் பெண் குழந்தை பிறந்தது. இப்படி ஒரு வகுப்புக்குப் போகாத முதல் கர்ப்பத்தில் எனக்குச் சுகப்பிரசவம், ஒழுங்காகப் பயிற்சி செய்த இரண்டாவதில் அறுவை. இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஏனென்றால், சுகப்பிரசவத்துக்கு உறுதி தருகிறோம் என்று இந்த வகுப்பு ஒருபோதும் சொன்னதில்லை. கர்ப்பகால நீரிழிவு, அளவுக்கு மீறிய எடை, முதுகுவலி ஆகியவற்றைக் குறைக்கப் பயிற்சி உதவுகிறது, நலமான கர்ப்பத்தில் அதனால் கருச்சிதைவோ குறைமாதப் பிரசவமோ கூடுவதில்லை, அதற்கு மேல் எதையும் தன்னால் வாக்களிக்க முடியாது என்பதே முதல் நாள் அவர் சொன்னது. அந்த நேர்மை இல்லாத இடங்களில் சேராதீர்கள் என்று என் தோழியரிடம் சொல்லிவருகிறேன்.

பிரசவத்துக்குப் பின் இவர்களிடம் வகுப்பு கிடையாது என்பது எனக்குப் பெரிய ஏமாற்றம். அறுவைக்குப் பிறகு எப்போது நடக்கத் தொடங்கலாம், இடுப்புத்தளப் பயிற்சியை எப்படி மீண்டும் தொடங்குவது என்று ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். அது பயனுள்ளதுதான், ஆனால் வயிற்றுத் தசை விலகியிருக்கிறதா என்று கைவைத்துப் பார்த்துச் சொல்லத் தாளால் முடியாது. குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும், இரவல் வாங்கியிருந்த ஒருக்களித்துப் படுக்கும் தலையணையைத் திருப்பிக் கொடுக்கச் சென்றபோது இதைக் கேட்டேன். மாடியிலேயே ஒரு கழிப்பறை கட்டித் தரும்படி கட்டட உரிமையாளரிடம் பேசிக்கொண்டிருப்பதாகவும், அது முடிந்ததும் தாய்மார்களுக்கு வெள்ளிக்கிழமை காலையில் தனி வகுப்பு தொடங்க எண்ணியிருப்பதாகவும் சொன்னார். அவை இரண்டும் நடந்தால் நானே மறுபடி சென்று பார்த்து, மேலே கொடுத்திருக்கும் மதிப்பெண்ணைத் திருத்தி எழுதுவேன்.